பள்ளிக்கூட புல்லி ரொமான்ஸ் நாவல்களில் நாயகிகள் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறார்கள்?

புல்லி ரொமான்ஸ் என்றால், நாயகியைத் துன்புறுத்தும் மாணவனே பின்னால் அவளுடைய காதலனாகும் கதை. கடைசி அத்தியாயத்தில் அந்த நாயகனை அவள் மன்னித்துவிட்ட கோபத்தில், தூக்கம் வராமல்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

அழுவதும் பயப்படுவதும் பலவீனம் என்று நான் சொல்லவில்லை. பதினேழு வயதில் யாருக்கும் பயம் வரும். என் கோபம் எழுத்தாளர்கள் மீது. நாயகிக்கு அம்மா இருக்க மாட்டாள். தோழி ஊரைவிட்டுப் போயிருப்பாள். பள்ளி முதல்வர் நாயகனின் அப்பாவிடம் நன்கொடை வாங்கியவராக இருப்பார். பெரும்பாலும் கதை நடப்பது அமெரிக்காவில். பள்ளித் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் அங்கே ஐம்பது மாநிலங்களிலும் இருக்கிறது. கடைசியாக 2015இல் மொன்டானா இயற்றியது. சக மாணவனின் பாலியல் தொல்லையைத் தெரிந்தும் கண்டுகொள்ளாத பள்ளி நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் லாக்கரில் குப்பையைக் கொட்டியவனைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுக்க இந்த நாயகிக்குத் தோன்றுவதே இல்லை.

நான் எழுதிக் கொடுத்தவள். பதினொன்றாம் வகுப்பில் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் என் சீருடையின் முதுகில் பேனா மையை உதறிக்கொண்டே இருப்பான். "உன்னைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் சீண்டுகிறான்" என்று தோழிகளே சிரித்தார்கள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதி, பாடவேளை, பார்த்தவர்கள் பெயர் எல்லாம் எழுதித் தலைமையாசிரியையிடம் நீட்டினேன். "பரீட்சை வருகிறது, இதைப் பெரிதுபடுத்தாதே அம்மா" என்றார். நான் நகரவில்லை. கடைசியில் அவன் அப்பாவை வரவழைத்தார்கள். மை தெளிப்பது நின்றது. வகுப்பில் பாதிப் பேர் ஆண்டு முடியும்வரை என்னோடு பேசவில்லை. அது வலித்தது. அந்தத் தாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

கற்பனைக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். தெரியும். இத்தகைய கதைகளை விரும்பிப் படிப்பவள்தான் நான். தடை செய்யச் சொல்லவில்லை. நாயகன் கொடுமை செய்த பக்கங்களில் பாதியளவாவது மன்னிப்புக் கேட்டு அலையட்டும் என்கிறேன்.

அது மூன்றாம் பாகத்தில் வரும் என்பார்கள். அமேசானின் சந்தா மின்னூல் சேவையான கிண்டில் அன்லிமிடெடில் 2015 ஜூலை முதல் வாசகர்கள் படிக்கும் பக்கங்களைக் கணக்கிட்டே எழுத்தாளர்களுக்குப் பணம் போகிறது. கதை இழுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நான் படிக்கும் வேறொரு செயலி இன்னும் மோசம்: அத்தியாயத்துக்கு அத்தியாயம், காசு கொடுத்து வாங்க வேண்டிய நாணயம் கேட்கிறது.

எதிர்த்து நிற்கும் நாயகி வேண்டுமென்றால், யோகோ காமியோவின் 'ஹனா யோரி டாங்கோ' என்ற மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) படித்துப் பாருங்கள். 1992இல் தொடங்கியது. லாக்கரில் சிவப்புச் சீட்டு வைத்துப் பள்ளியையே தனக்கு எதிராகத் திருப்பிய நாயகன் டோம்யோஜியை நாயகி மாகினோ திருப்பி அடிக்கிறாள். காதல் அதற்குப் பிறகுதான். பின்னால் அவன் செய்யும் சில காரியங்களை என்னால் ஏற்க முடியாது. இதைத் தழுவி 2009இல் வந்த கொரியத் தொடரைப் பார்த்திருந்தாலும் மாங்காவின் தொடக்கப் பாகங்களை விட்டுவிடாதீர்கள்.