இறக்கி மாட்டாதீர்கள், அம்மணி!

கேள்வி: நாங்கள் பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் வந்தாலே வீட்டில் மரச் சண்டைதான். மாமியாருக்குச் சவுக்குக் கிளைதான் வேண்டும். ‘அது அசல் கிறிஸ்துமஸ் மரமே இல்லை, பிளாஸ்டிக் மரம் வாங்கினால் பத்து வருஷத்துக்குத் தொல்லை விட்டது’ என்கிறார் கணவர். ஏழாவது படிக்கும் மகன், மரத்தை வெட்டுவதே பாவம் என்கிறான். இரண்டாவது படிக்கும் மகள் எல்லாப் பொருளையும் ஒரே கிளையில் மாட்டிவிடுவாள். அவர்கள் தூங்கிய பிறகு நான்தான் இறக்கி ஒழுங்காக மாட்டுவேன். போன வருஷம் ஒருவரும் வரவில்லை, நான் ஒருத்தியாகவே ஜோடித்தேன். இந்த வருஷமாவது எல்லோரும் சேர்ந்து செய்ய என்ன வழி? எந்த மரம் வாங்கலாம்?

— ஒரு வாசகி

பதில்: அம்மணி, மரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். ‘அவர்கள் தூங்கிய பிறகு நான்தான் இறக்கி மாட்டுவேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ராத்திரி கீழ்க்கிளையில் தான் மாட்டிய நட்சத்திரம் காலையில் உச்சிக்குப் போயிருந்தால் குழந்தைக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். வாய் திறந்து சொல்லாது, அடுத்த வருஷம் மரத்துப் பக்கம் வராது. நானும் இதே தப்பைச் செய்தவள்தான். என் மகன் இன்றைக்கும் எங்கள் வீட்டு மரத்தை ‘அம்மாவுடைய மரம்’ என்றுதான் சொல்கிறான்.

இனி மரம். நான் உங்கள் மாமியார் கட்சி. சவுக்கு அசல் இல்லை என்று உங்கள் கணவர் சொல்வது ஒரு வகையில் சரிதான். ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியப் பக்கத்து மரம் அது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டுமென்று நம் கடற்கரையோரம் தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் மரமே ஜெர்மனிக்காரர்கள் வழக்கம். விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் இங்கிலாந்திலேயே அது வீட்டுக்கு வீடு பரவியது. எல்லாமே எங்கிருந்தோ வந்ததுதான். பிளாஸ்டிக் மட்டும் பெத்லகேமிலிருந்தா வந்தது?

மகனிடம் வாதம் செய்யாதீர்கள், சவுக்கு வெட்டுகிற தோட்டத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். புகளூர், பள்ளிபாளையம் காகித ஆலைகள் இருக்கும் சீமை இது; காகிதக் கூழுக்கும் கட்டடத்துக்குச் சாரம் கட்டவும் சவுக்கு போடுகிறவர்கள் உண்டு. நட்ட சில ஆண்டுகளில் வெட்டுவார்கள், மறுபடி நடுவார்கள். கட்டையைக் கழித்து எடுத்தபின் நுனிக்கொம்பு விறகுக்குத்தான் போகும். அந்த நுனிதான் உங்களுக்கு வேண்டியது. தோட்டக்காரரைக் கேட்டு, நான்கைந்து நுனியில் ஒன்றை அவனே பொறுக்கட்டும். தனக்காக ஒரு மரமும் விழவில்லை என்பதை அவன் கண்ணால் பார்த்துவிடுவான். அப்பத்தாவையும் அழைத்துப் போங்கள். சவுக்கில் நாம் இலை என்று நினைப்பது இலையே அல்ல, கணுக்கணுவான மெல்லிய குச்சி. உண்மையான இலை அந்தக் கணுக்களில் செதில் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கணுவில் பிய்த்து, திரும்பப் பொருத்தி, ‘எங்கே ஒடித்தேன், சொல்லு’ என்று விளையாடுவோமே, அதை அவர் பேரனுக்குச் சொல்லித் தரட்டும்.

வெட்டிய கொம்பே வேண்டாம் என்று அவன் பிடிவாதம் பிடித்தால் நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்றே தொட்டியில் விற்கும் அரோகேரியா இருக்கிறது. வருஷா வருஷம் அதையே ஜோடிக்கலாம். கனமாக எதையும் தொங்கவிடக் கூடாது, நுனியைக் கிள்ளவும் கூடாது. அதில் குக் பைன் என்று ஒரு வகை, உலகில் எங்கே வளர்ந்தாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம் ஊரில் என்றால் தெற்கே சாயும். சாய்ந்தால் சாயட்டும், முட்டுக் கொடுத்து நிமிர்த்தப் போகாதீர்கள்.

சவுக்கு என்றால் டிசம்பர் 20க்கு முன்னால் வெட்ட வேண்டாம், சீக்கிரம் காய்ந்து உதிரும். பழைய பெயிண்ட் வாளியில் ஈர மணலும் கல்லும் போட்டு அசையாமல் நிறுத்துவது கணவர் வேலை. பிளாஸ்டிக் மரத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு பவானி ஜமக்காளம் வாங்கி அடியில் விரிக்கச் சொல்லுங்கள், மரத்தைக் கலைத்த பிறகும் உதவும். திருப்பூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் பனியன் கட்டிங் வேஸ்ட் ஒரு பை கேளுங்கள். அந்தக் கலர் நாடாக்களுக்கு முன்னால் கடைத் தோரணம் நிற்காது. பனிக்குப் பஞ்சு வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். சீரியல் பல்பு ஓடுகிற இடத்தில் பஞ்சும் காய்ந்த சவுக்கும் நெருப்புக்கு அழைப்பு.

மகளுக்கு ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: அவள் கை எட்டுகிற உயரம் வரை அவள் ராஜ்ஜியம். தொங்கவிடப் பதினாறு மணி கொடுத்தால் பதினாறையும் ஒரே கிளையில் மாட்டுவாள். சவுக்குக் கிளை துவண்டு தரையைத் தொடும். அப்போது அவளே இரண்டு மணியைக் கழற்றி வேறு கிளை தேடுவாள். தேடாவிட்டாலும் போகிறது, கேரல் பாட வருகிறவர்கள் உங்கள் வீட்டு மரத்துக்கு மார்க் போட வரவில்லை.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் கை துறுதுறுக்கும். ஹாலுக்கே போகாதீர்கள். சீரியல் பல்பை அணைத்துவிட்டுப் படுக்கும் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.