ரத்தப் புற்றுநோய் வந்தால் எலும்பு மஜ்ஜையின் ரத்தக் குழாய்கள் என்ன ஆகும்?

தொண்டியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், நான் பாம்பன்காரன், வலையை வைத்தே சொல்கிறேன். மஜ்ஜைக்குள் ஓடும் மெல்லிய நாளங்கள் நல்ல வலை மாதிரி. பெரும்பாலும் முதிர்ந்த செல்களைத்தான் ரத்தத்துக்குள் விடும். லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் செல்கள், விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை முளைக்க வைக்கின்றன. லுகேமியா வந்த குழந்தைகளின் மஜ்ஜையை 1997-இல் ஆராய்ந்தபோதே இந்தக் குழாய் நெரிசல் தெரிந்தது.

குழாய் கூடினால் ரத்த ஓட்டமும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். புதியவை கோணல்மாணலானவை, கண்ணி அறுந்த வலைபோல் கசிபவை. ஓட்டம் மந்தமாகும், ஆக்சிஜன் குறையும், மருந்தும் சரியாகப் போய்ச் சேராது.

தீவிர மைலாய்டு என்ற லுகேமியா வகையில், எலும்பின் உட்சுவரை ஒட்டிய நாளங்கள் அழிவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ரத்த செல்களை உருவாக்கும் நல்ல ஸ்டெம் செல்கள் தங்கும் இடங்களில் அந்த நாளங்களின் பக்கமும் ஒன்று. எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது.