மாமியார் கன்னத்துக் கறை

அன்புள்ள ஐயா,

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து, இப்போது சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். தோல் மாதாமாதம் உதிர்ந்து புதிதாகிறது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என் மாமியாரின் இரண்டு கன்னத்திலும் நீலமும் கறுப்புமாக ஒரு கறை இருக்கிறது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இளவயதில் தையல் ஃபாக்டரிக்குப் போனபோது, கூட வேலை செய்தவர்களைப் பார்த்து நிறம் வெளுக்கும் கிரீம் போட்டாராம். விட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாதாமாதம் புதுத்தோல் வருமென்றால் இந்தக் கறை ஏன் போகவில்லை? இதை இப்போது கேட்கக் காரணம், மெட்ரிக் படிக்கும் என் மகளின் பையில் அதே மாதிரி ஒரு டியூப் கிடைத்தது. டவுனில் நடைபாதைக் கடையில் வாங்கினாளாம். ஆயாவின் முகத்தைத் தினமும் பார்க்கிறவள்!

வி., சாட்ஸ்வர்த்

அன்புள்ள வி.,

மாதாமாதம் உதிர்வது மேல்தோல் மட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மாமியாரின் கறை அதற்குக் கீழே, அடித்தோலில் இருக்கிறது.

மேல்தோல் உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம்தான். உள்ளங்காலில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அடிவரிசைச் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. புதியவை பிறக்கப் பிறக்கப் பழையவை மேலே தள்ளப்படுகின்றன. போகிற வழியில் கெரட்டின் என்ற புரதம் நிறைந்து, தட்டையாகி, உட்கருவை இழந்து, செத்த செதிலாக மேலே வந்து சேர்கின்றன. இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். செத்த செதில்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். உடம்பின் நீர் வெளியேறாமலும் கிருமி உள்ளே வராமலும் காப்பது அந்த அடுக்கும் அதன் இடையிலுள்ள கொழுப்பும்தான். பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கு நீரிழப்பும் தொற்றும் உயிருக்கே உலையாவது அது போய்விடுவதால்.

நிறம் தயாராவதும் அந்த அடிவரிசையில்தான். அங்கே நடுநடுவே மெலனோசைட் என்ற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுற்றியுள்ள முப்பது நாற்பது செல்களுக்கு மெலனின் மணிகளை ஊட்டுகிறது. வாங்கிக்கொண்ட செல் அவற்றைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் குவித்து வைத்துக்கொள்கிறது. புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைத் தாக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஜூலுக்காரர், தமிழர், வெள்ளைக்காரர் எல்லோர் தோலிலும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். மணிகளின் அளவும் பெருக்கமும் மட்டுமே வேறுபடுகின்றன.

இந்த 0.1 மில்லிமீட்டரை வைத்து அந்த நாட்டில் என்னவெல்லாம் நடந்தது! 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப்பட்டியலில் போட்டது. எங்கே குடியிருப்பது, எங்கே படிப்பது என்பதெல்லாம் அதன்படிதான். உங்கள் சாட்ஸ்வர்த்தே இந்தியர்களைத் தனியாகக் குடிவைக்க 1960களில் எழுப்பிய ஊர். அப்படிப்பட்ட நாட்டில் வெளுக்கும் கிரீமுக்கு விளம்பரமே தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் விளம்பரம் கொடுத்தார்கள். உங்கள் மாமியார் அதை வாங்கியதில் நான் தப்பே காணமாட்டேன்.

அந்தக் கிரீம்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன் இருந்தது. மெலனின் உண்டாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. ஆகவே முதல் சில மாதம் முகம் உண்மையிலேயே வெளுக்கும். வம்பு தொடங்குவதும் அங்கேதான். காவல் குறைந்த தோலில் டர்பன் வெயில் இறங்குகிறது. வருஷக்கணக்கில் பூசியவர்களுக்கு, வெயில் நேராகப் படும் கன்ன எலும்பு, நெற்றி, மூக்கின் பக்கங்களில் கறை தட்டுகிறது. கறையைக் கண்டதும் என்ன செய்வார்கள்? இன்னும் கொஞ்சம் கிரீம். ‘ஆக்ரனோசிஸ்’ எனப்படும் இந்தக் கோளாறுக்கு இந்தக் கிரீம்கள்தான் காரணம் என்று 1975இல் மருத்துவ இதழில் எழுதியது ஃபின்ட்லே என்ற தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவரும் அவருடைய சகாக்களும். நுண்ணோக்கியில் பார்த்தால் அடித்தோலில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் வளைந்த, தடித்த துணுக்குகள் தெரியும். முற்றிய நிலையில் கசகசாவைத் தூவியது போல மேலே பொடிப்பொடியாகத் தடிக்கும். நீங்கள் சொன்ன சொரசொரப்பு அதுவாக இருக்கலாம்.

அடித்தோலுக்கு உதிரும் வழக்கம் இல்லை. கொலாஜன் இழைகள், ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் இருக்கும் இடம் அது. கொலாஜன் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாட்டிமார் கையில் பச்சை குத்திய கோலம் கடைசிவரை அழியாதது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அடித்தோலுக்குப் போன மையை அங்குள்ள விழுங்கு செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒன்று செத்தால் அது விட்ட மையை அடுத்தது விழுங்குகிறது. மேல்தோல் எத்தனை தரம் புதுப்பித்தாலும் அது வெறும் கண்ணாடிதான். நீலச் சாயல் தெரிவதற்கும் காரணம் ஆழம். கரும்பொருள் ஆழத்தில் இருந்தால் மேலே நீலமாகத் தெரியும்.

தோல் மருத்துவர்களும் நிறவெறி எதிர்ப்பாளர்களும் போராடியதில் தென்னாப்பிரிக்க அரசு 1990இல் ஹைட்ரோகுவினோன் கலந்த அழகுக் கிரீம்களைத் தடை செய்தது. ‘வெளுக்கும்’ என்று விளம்பரம் செய்யவும் கூடாது என்றது. மேலே சொன்ன பதிவுச் சட்டம் ரத்தானது அதற்கு அடுத்த வருஷம். கடைத்தெரு சட்டத்தைக் கேட்டு நடப்பதில்லை என்பதற்கு உங்கள் மகளின் டியூப் சாட்சி.

இன்று நடைபாதையில் விற்பவற்றில் ஹைட்ரோகுவினோனோடு குளோபெடசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டும் இருக்கக்கூடும், பாதரசமும் இருக்கக்கூடும். ஸ்டீராய்டு கொலாஜனைக் குறைத்துத் தோலை மெலிதாக்கும். ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், முகப்பரு கிளம்பும். பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெண்ணைத் திட்டாதீர்கள். வெயிலில் போனால் கறுத்துப்போவாய் என்று குழந்தையிலிருந்து சொல்லி வளர்ப்பது நாம்தானே.

மாமியாருக்குச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். லேசரில் சிலருக்கு ஓரளவு மங்குகிறது. முழுதாகப் போவது அரிது. இதை மங்கு (முகத்தில் சாதாரணமாக வரும் பழுப்புத் திட்டு) என்று நினைத்து யாராவது மறுபடி ஹைட்ரோகுவினோன் எழுதிக்கொடுத்தால் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருத்துவர் மூன்று நான்கு மில்லிமீட்டர் தோலை எடுத்துப் பரிசோதித்துச் சொல்வார். வெளியே போகும்போது தொப்பியும் சன்ஸ்க்ரீனும் அவசியம்.

மகள் அந்தக் கிரீமை எத்தனை நாளாகப் பூசுகிறாள் என்று முதலில் கேளுங்கள். சில நாள்தான் என்றால் நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் என்றால் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீரியமான ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் முகம் சிவந்து எரியும், அதைப் பார்த்துப் பயந்து அவள் மறுபடி பூச ஆரம்பிப்பாள். டியூபைக் குப்பையில் போட்டுவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும்.