பிக்பாக்கெட் திருடனுக்கெல்லாம் இரக்கம் காட்ட வேண்டுமா?

காட்டலாம், ஆனால் பறிகொடுத்தவர்களை மறந்துவிட்டு அல்ல. தி.நகர் பஸ்ஸில் என் பர்ஸ் போனபோது அந்த மாசச் சம்பளத்தில் பாதி அதில் இருந்தது, அன்றைக்கு யாராவது வந்து 'பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ' என்று சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

ஆனால் மாட்டியவனைக் கூட்டம் கூடி அடிக்கிறது பாருங்கள், அது வேறு. பர்ஸைப் பறிகொடுத்தவர் ஒருவர்தான், அடிப்பவர்கள் இருபது பேர், அதில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

சட்டமே நம்மைவிடக் கொஞ்சம் நிதானமாகத்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவைப் பாருங்கள்: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், ஜெயில் கிடையாது, சமூக சேவைதான் தண்டனை. எனக்கு இது சரியாகப் படுகிறது. முதல் தப்புக்கே ஒரு பையனைப் புழல் ஜெயிலுக்கு அனுப்பினால், அங்கே அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஆளா இல்லை? அப்புறம் வெளியே வந்தால் வேலையும் கிடைக்காது, வாடகைக்கு வீடும் கிடைக்காது.

பைக்கில் வந்து செயினை அறுத்து, வயசான அம்மாவை ரோட்டில் தரதரவென்று இழுத்துப் போகிறவனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.