பெட்டியில் ‘மேட் இன் சைனா’ என்றிருந்தால் மகிட்டா டூப்ளிகேட்டா?

கேள்வி: ஈரோட்டில் மரவேலை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். 18 வோல்ட் மகிட்டா பேட்டரி டிரில் வாங்கக் கடைக்குப் போனேன். பெட்டியில் ‘மேட் இன் சைனா’ என்று அச்சிட்டிருந்தது. கேட்டதற்கு, “ஜப்பான் ஒரிஜினல் தனியா இருக்குண்ணா, நாலாயிரம் கூட ஆகும், பில்லு கிடையாது” என்கிறார் கடைக்காரர். மகிட்டா ஜப்பான் கம்பெனிதானே? எதை நம்பி வாங்குவது?

பதில்: சைனா என்று அச்சிட்ட பெட்டியையே வாங்குங்கள், ஜிஎஸ்டி பில்லோடு. அந்த நாலாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்பது கம்பெனி வைத்த ரகம் இல்லை, கடைத்தெருவில் இடைத்தரகர்கள் கட்டிவிட்ட பெயர்.

மகிட்டா ஜப்பான் கம்பெனி என்பது உண்மைதான். 1915-இல் நகோயா நகரில் மொசபுரோ மகிட்டா என்பவர் மின்மோட்டார் விற்று, பழுதும் பார்த்துத் தொடங்கிய தொழில் அது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குத் தப்ப 1945-இல் பக்கத்து ஊரான அஞ்ஜோவுக்கு மாறியது. இன்றும் தலைமையகம் அங்கேதான். மோட்டார்க் கம்பெனியாக இருந்தது, 1958-இல் கையில் பிடித்து ஓட்டும் மின் இழைப்புளியைக் கொண்டுவந்த பிறகுதான் தச்சர்களின் கம்பெனி ஆனது. 1978-இல் நிக்கல் காட்மியம் பேட்டரி டிரில், 2005-இல் நீங்கள் கேட்கும் 18 வோல்ட் லித்தியம் வரிசை.

சரக்கு உலகம் முழுக்க ஓட ஆரம்பித்ததும் ஜப்பானில் செய்து கப்பலேற்றுவது கட்டுப்படியாகவில்லை. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று 1993-இல் அமெரிக்கா மகிட்டாவின் அறுப்புக் கருவிகள் மீது 50 சதவீதத்துக்கும் மேல் தண்டவரி போட்டது. ஆக, விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே செய்வது என்று போனார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், இங்கிலாந்தில் டெல்ஃபோர்ட், சீனாவில் குன்ஷான், பிறகு ருமேனியா, தாய்லாந்து. ஜப்பானில் ஒகசாகி ஆலை இன்னும் ஓடுகிறது. ஆனால் உற்பத்தியில் பெரும்பங்கு வெளிநாட்டு ஆலைகளில்தான். குன்ஷானில் செய்த டிரில்லும் கம்பெனியின் சொந்த ஆலைச் சரக்குதான். எந்த நாட்டில் செய்தது என்பதை வைத்து அசலையும் போலியையும் பிரிக்கவே முடியாது. போலி போடுகிறவன் ‘மேட் இன் ஜப்பான்’ என்று அச்சடிக்க அவனுக்கு என்ன செலவு?

பார்க்க வேண்டியது வேறு. இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, எம்ஆர்பி, மாதம்-வருடம், புகார் எண் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதி அப்படிச் சொல்கிறது. மெஷினின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அதே எண்ணைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எண் எழுதாத பில்லை சர்வீஸ் சென்டரில் நீட்டினால் வாரண்டிக்கு இழுத்தடிப்பார்கள்.

மாடல் எண்ணின் வாலையும் படியுங்கள். ‘இசட்’ என்று முடிந்தால் வெறும் மெஷின், பேட்டரியும் சார்ஜரும் வராது. ‘ஆர்எஃப்’ (RF) என்று வந்தால் 3 ஏஹெச் பேட்டரியும் சார்ஜரும் உண்டு; ஏஹெச் என்பது பேட்டரி எவ்வளவு கரண்டைத் தேக்கும் என்ற அளவு. ‘ஆர்டி’ (RT) என்றால் 5 ஏஹெச். வெறும் மெஷினை விலை குறைவாகக் காட்டி வாங்க வைத்துவிட்டு, “இதுக்கு இந்த பேட்டரி செட் ஆகும்” என்று கம்பேட்டிபிள் பேட்டரியை, அதாவது மகிட்டாவில் பொருந்தும்படி வேறு யாரோ செய்ததைத் தலையில் கட்டுவது இப்போது தினமும் நடக்கிறது.

பணம் போவதும், சமயத்தில் பட்டறையே எரிவதும் அந்தப் பேட்டரியால்தான். அசல் 5 ஏஹெச் பேட்டரியான பிஎல்1850பி-க்குள் பத்து செல் இருக்கும்: வரிசையாக ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இணையாக இன்னொன்று. ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. எடை 600 கிராமைத் தாண்டும். தராசில் வையுங்கள். 400 கிராமுக்குள் நின்றால் உள்ளே ஐந்து செல்தான், மேலே என்ன எண் ஒட்டியிருந்தாலும் சரி. இந்த 18 வோல்ட் வரிசையில் பல வருடமாகக் கம்பெனி தந்துவந்த பெரிய பேட்டரி 6 ஏஹெச். அதே உடம்பில் 9 ஏஹெச், 12 ஏஹெச் என்று அச்சிட்டிருந்தால் தொடக்கூட வேண்டாம். அசலில் செல் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறது, சூடு ஏறினால் சார்ஜர் தானே நிறுத்திக்கொள்ளும். போலியில் அது இல்லாமலோ பேருக்கு ஒரு ரெசிஸ்டரை வைத்தோ விடுவார்கள். வேக சார்ஜரான டிசி18ஆர்சி 5 ஏஹெச் பேட்டரியை 45 நிமிடத்தில் ஏற்றிவிடும். அந்தக் கரண்டை மட்டமான செல்லுக்குள் தள்ளினால் உப்பும், தீப்பிடிக்கும். லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிறுவனப் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற எண்ணும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் லேபிளில் இருக்கின்றனவா பாருங்கள். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு மரத்தூள் கிடக்கிற இடத்தைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லாமலும் அசலாக இருக்கக்கூடியது ஒன்று உண்டு: சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் மெஷின். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, மெஷின் கருகுவது இங்கேதான். இந்திய வாரண்டியை அதற்கு எதிர்பார்க்காதீர்கள். பேட்டரி டிரில் என்றால் மெஷினும் பேட்டரியும் இங்கே அப்படியே ஓடும். அமெரிக்க மாடல் எண்கள் ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும், நம் கடையில் வேறு எண். பேட்டரி ஒன்றேதான். சிக்கல் சார்ஜரில். அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டும், நம் 230 வோல்ட்டில் செருகினால் போய்விடும். இங்கே 220-240 என்று போட்ட சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும். ஒயர் வைத்த கிரைண்டரோ, மரத்தில் பள்ளம் எடுக்கும் ரவுட்டரோ என்றால் கதை வேறு. 120 வோல்ட் மெஷினை 230-இல் போட்டால் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் புகைந்துவிடும். இங்கிலாந்தில் கட்டட வேலைக்கு விற்கும் மஞ்சள் பிளக் மெஷின்கள் 110 வோல்ட். பிளக்கை வெட்டி நம் பிளக் டாப்பை மாட்டிக் கருக்குவது வழக்கமாகிவிட்டது. அவற்றுக்கு 230-110 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1,000 வாட் கிரைண்டருக்குக் குறைந்தது 1.5 கேவிஏ. அதைச் சைட்டுக்குச் சைட்டு தூக்கிக்கொண்டு அலைய முடியாது. துபாயிலிருந்து வருவது 220-240 வோல்ட், டாப்பை மாற்றினால் போதும். சவுதியிலிருந்து வரும் பழைய மெஷின் என்றால் தகட்டைப் படிக்காமல் செருகாதீர்கள், அங்கே 127 வோல்ட் லைனும் இருந்தது.

ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி விதி இருக்கிறது, அது இல்லாத பெட்டிகளும் கடை கடையாக அடுக்கியிருக்கின்றன. நம் மாநிலத்தில் இதைச் சோதிக்க வேண்டியது தொழிலாளர் துறை. எப்போதாவது ஒரு ரெய்டு, ஒரு அபராதம், மறுவாரம் அதே கடையில் அதே பெட்டி. விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு அதைப் பில் என்கிறவர்களை இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேலை வாங்குகிறவர் தலையில் விழுந்திருக்கிறது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள், பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பில் இல்லாவிட்டால், ஜிபே அனுப்பிய பதிவு, கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தி, பெட்டியின் படம் மூன்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு அதே எண்ணில் கேளுங்கள்.