டிக்கெட் செலவுக்கு எந்த கிரெடிட் கார்டு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இசை நிகழ்ச்சி, நாடகம், மேட்ச் என்று நேரில் போய்ப் பார்ப்பவர்களுக்கான ரிவார்டு கார்டுகள் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பாதிப் பேர் "நல்ல கார்டு ஒன்று சொல்லுங்கள்" என்று ஒரே வரியோடு நிறுத்தியிருக்கிறார்கள். வருடத்துக்கு டிக்கெட்டுக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள், பில்லை முழுசாகக் கட்டுகிறீர்களா என்ற இரண்டும் தெரியாமல் யாராலும் கார்டு சொல்ல முடியாது. அந்தக் கடிதங்களை விட்டுவிட்டேன்.

பொழுதுபோக்குக்கு 5 சதவீதம் என்றுதான் இந்தக் கார்டை வாங்கினேன். மேட்ச் டிக்கெட்டுக்கு 1 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. வங்கி ஏமாற்றுகிறதா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று வங்கி பார்ப்பதில்லை. பணம் வாங்கிய நிறுவனத்துக்கு என்ன எம்.சி.சி., அதாவது அது எந்த வகை வியாபாரம் என்று காட்டும் நாலு இலக்கக் குறியீடு, கொடுக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. நாடக அரங்கு, டிக்கெட் ஏஜென்சி என்றால் 7922. இசைக்குழு 7929, விளையாட்டு கிளப்பும் மைதானமும் 7941, சினிமா தியேட்டர் 7832, கேளிக்கைப் பூங்கா 7996. உங்கள் கார்டின் 'பொழுதுபோக்கு' பட்டியலில் 7941 இல்லையென்றால் மேட்சுக்கு அடிப்படை விகிதம்தான் வரும். அதே மைதானத்துக்குள் நீங்கள் வாங்கிய சாப்பாடு உணவகக் கணக்கில் ஏறியிருக்கலாம். ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியையும் பாருங்கள். கார்டு வாங்குவதற்கு முன்னால் விதிமுறையில் எந்தெந்த வகை சேரும், எது சேராது என்ற பத்தியைப் படியுங்கள். விளம்பரத்தில் இருக்கும் பெயரை நம்பி வாங்காதீர்கள்.

வீட்டில் ஸ்ட்ரீமிங் சந்தா கட்டுகிறோம். அதுவும் பொழுதுபோக்கில் சேருமா?

பல கார்டுகளில் அது தனி வகை. விதிமுறையைப் படியுங்கள்.

வருடத்துக்கு நாலைந்து நிகழ்ச்சிக்குப் போவேன். வருடக் கட்டணம் உள்ள 5 சதவீத கார்டா, கட்டணமே இல்லாத 2 சதவீத கார்டா?

கணக்குப் போட்டுக் கேட்டதற்கு நன்றி. வித்தியாசம் 3 சதவீதம். அப்படியென்றால் வருடக் கட்டணத்தைப் போல சுமார் 33 மடங்கு டிக்கெட்டுக்குச் செலவு செய்தால்தான் கட்டணமே திரும்பி வரும். அதற்கு மேல் போவதுதான் லாபம். நாலைந்து நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் அது எட்டாது; கட்டணமில்லாத கார்டே போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். டிக்கெட் செலவு மாதாமாதம் சீராக வருவதில்லை. மூன்று மாதம் ஒன்றும் இருக்காது, அப்புறம் ஒரே நாளில் நாலு பேருக்கும் சேர்த்து வாங்குவீர்கள். மாதத்துக்கு இவ்வளவு பாயிண்ட்தான் என்று உச்சவரம்பு உள்ள கார்டு அங்கேதான் காலை வாரிவிடும். உச்சவரம்பு வருடக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான எச்சரிக்கையும் உண்டு: பில்லை முழுசாகக் கட்டாதவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

என் அபிமானப் பாடகர் வருகிறார். ப்ரீசேல் (பொது விற்பனைக்கு முன்பே டிக்கெட் வாங்கும் வாய்ப்பு) கிடைக்கும் என்று ஒரு பிரீமியம் கார்டை வாங்கச் சொல்கிறார்கள். விற்பனை அடுத்த வாரம். வாங்கலாமா?

வேண்டாம். எத்தனை தடவை எழுதினாலும், அடுத்த நிகழ்ச்சி அறிவிப்பு வந்ததும் இதே கேள்வி திரும்ப வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ப்ரீசேல் உங்களுக்குத் தருவது டிக்கெட் அல்ல, வரிசையில் நிற்பதற்கான அனுமதி. அதே கார்டு வைத்திருக்கும் அத்தனை பேரும் அதே நிமிடத்தில் அதே வரிசையில் நிற்பார்கள். கார்டுக்காரர்களுக்கென்று ஒதுக்குவது மொத்த இருக்கைகளில் ஒரு பகுதிதான். ரசிகர் மன்றத்துக்கு ஒரு பங்கு, அரங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஒரு பங்கு, அப்புறம் பொது விற்பனை. விலையிலும் பொதுவாகத் தள்ளுபடி கிடையாது. மேடை அமைப்பு முடிவானதும், அதற்காகப் பிடித்து வைத்திருந்த நல்ல இருக்கைகளை நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னால் விடுவிப்பதும் உண்டு. அவசரப்பட்டு மூலையில் இடம் வாங்கியவருக்கு அதைப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பல ப்ரீசேல்களில் கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள்தான் நுழைவுக் குறியீடு. பணத்தையும் அதே வகைக் கார்டில்தான் கட்ட வேண்டும். அடுத்த வாரத்துக்குள் உங்கள் விண்ணப்பம் தேறி கார்டு எண் கைக்கு வருமா? வராவிட்டால் கட்டணம் மட்டும் மிஞ்சும். அடுத்த வருடமும் அந்தக் கட்டணம் வரும். அப்போது உங்கள் பாடகர் வருவாரா என்று யாருக்கும் தெரியாது.

எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், கார்டு விற்பவர்கள் ப்ரீசேலுக்கும் லவுஞ்சுக்கும் ஒரு தொகையைத் தாங்களே எழுதி, வருடக் கட்டணத்தைவிட அதிகமாகக் கூட்டிக் காட்டுகிறார்கள். நீங்கள் கணக்குப் போடும்போது ப்ரீசேலுக்குப் பூஜ்யம் போடுங்கள். மிச்சத்தைக் கூட்டியும் கட்டணம் தேறுகிறதா, அப்போது வாங்குங்கள். ப்ரீசேல்தான் வேண்டும் என்றால், அந்த வங்கியின் கட்டணமில்லாத சாதாரணக் கார்டுக்கும் அது உண்டா என்று முதலில் விசாரியுங்கள். பல தடவை உண்டு.

நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்ப வந்தால் பாயிண்ட் என்ன ஆகும்? பணமே வராவிட்டால்?

பணம் திரும்பினால் பாயிண்டையும் கழித்துவிடுவார்கள். ஏற்கெனவே செலவழித்திருந்தால் இருப்பு மைனஸில் போகும்.

பணம் வராவிட்டால் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள், அதாவது அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் புகார் கொடுங்கள். விசா விதிப்படி பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அது டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து அல்ல, நிகழ்ச்சி நடக்க வேண்டிய நாளிலிருந்து ஓடும். வாங்கி 540 நாள் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ரத்து வேறு, ஒத்திவைப்பு வேறு. தேதி மாறியதற்கு டிஸ்ப்யூட்டில் ஜெயிப்பது கஷ்டம். அறிவிப்பு மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

வெளிநாட்டில் ஒரு திருவிழாவுக்கு டிக்கெட் வாங்குகிறேன். 5 சதவீதம் கிடைக்குமா?

கிடைத்தாலும் அந்நியச் செலாவணிக் கட்டணம் சுமார் 3 சதவீதத்தைத் தின்றுவிடும். அந்தக் கட்டணம் இல்லாத கார்டு இருந்தால் அதில் வாங்குங்கள். பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் அநேகமாக நஷ்டம்தான்.

பாயிண்டுக்காக எல்லா டிக்கெட்டையும் கார்டில் போட்டு, மினிமம் டியூ (பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டி வருகிறேன். இன்னும் அதிக பாயிண்ட் தரும் கார்டு எது?

எந்தக் கார்டும் வேண்டாம். கார்டு வட்டி வருடத்துக்கு 20 சதவீதம் என்றே வைத்தாலும், 5 சதவீத பாயிண்டை மூன்றே மாதத்தில் அது விழுங்கிவிடும். பல இடங்களில் வட்டி அதைவிட அதிகம். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் டிக்கெட்டுக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டை அலமாரியில் வையுங்கள், பாக்கியை முழுசாக அடையுங்கள், அதற்கப்புறம் எழுதுங்கள்.

வாலட்டில் கார்டு மூலம் பணம் ஏற்றி, அதில் டிக்கெட் வாங்கினால்?

எம்.சி.சி. மாறிவிடும். பாயிண்டே வராமலும் போகலாம். நேரடியாகக் கார்டிலேயே கட்டுங்கள்.

மகளுக்காக என் கார்டில் டிக்கெட் வாங்கினேன். வாசலில் அந்தக் கார்டைக் காட்டச் சொல்வார்களாமே?

சில நிகழ்ச்சிகளில் கேட்பார்கள். டிக்கெட் விதிமுறையில் அது இருக்கும். இந்த முறை கார்டோடு நீங்களும் வாசல்வரை போங்கள். அடுத்த முறை மகள் பெயரில் ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே இன்னொருவர் பெயரில் தரும் கூடுதல் கார்டு) எடுத்து, அதில் வாங்குங்கள். பாயிண்ட் உங்கள் கணக்கில்தான் சேரும், பில்லும் உங்களுக்குத்தான் வரும்.