பொய் சொல்லி வேலைக்கு அழைத்த நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடர முடியுமா?

முடியும். கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 970ஆம் பிரிவு, வேலையின் தன்மை, அது நீடிக்கும் காலம், ஊதியம், தங்குமிட வசதி, அங்கு வேலைநிறுத்தம் நடக்கிறதா என்பன பற்றித் தெரிந்தே பொய் சொல்லி, ஒருவரை ஊர் விட்டு ஊர் வரச் செய்வதைத் தடை செய்கிறது. பண்ணைகளுக்குப் புலம்பெயர்ந்து வந்த கூலித் தொழிலாளர்களைக் காக்கவே முதலில் இயற்றப்பட்டாலும், இன்று அலுவலகப் பணியாளர்களும் இதன்கீழ் வழக்குத் தொடுக்கிறார்கள். 972ஆம் பிரிவின்படி நட்டத்தைப் போல இரு மடங்கு இழப்பீடு கோரலாம். குற்றவியல் தண்டனையும் தனியே உண்டு.

கடினமானது நிரூபிப்பதுதான். சொன்னது பின்னர் நடக்காமல் போனது மட்டும் போதாது. சொன்னபோதே அது பொய்யென்று முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1996இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், பணி நிலையானது, நிறுவனத்தின் நிதிநிலை உறுதியானது என்ற பேச்சை நம்பி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீசுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கூறியவர், பொதுவான மோசடிச் சட்டத்தின்கீழும் வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. மிக முக்கியமான தீர்ப்பு இது என்பேன். ஆகவே, குடிபெயரும் முன் வந்த மின்னஞ்சல்களையும் பணி வாய்ப்புக் கடிதத்தையும் தயவுசெய்து பத்திரப்படுத்தி வையுங்கள்.